சனிக்கிழமை வகுப்பும் அரைப்பேரும்

(தோட்டத் தலைவர், தலைவியருக்கான கல்வி நாளன்று சங்கத்தின் கல்விக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து சம்பளம், ஈ.பி.எப்., காணி, வீடு என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு "கல்வி" என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருப்பதைப் பார்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக அனுப்பச் சொல்லப்போகிறார்கள் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேர் கூடுதலாக விழுந்தால் அந்தக் காசு எந்தப் பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் போகிறது என்று உங்கள் வீட்டுக்குத் தெரியும்.

இன்று நாங்கள் பேச வந்தது பிள்ளைகளைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி. இருபத்தைந்து வயதிலும் முப்பத்தைந்து வயதிலும் நாற்பத்தைந்து வயதிலும், மலையிலும் ஸ்டோரிலும் வேலை செய்துகொண்டே படிக்க நினைக்கிறவர்களைப் பற்றி.

முதலில் நம்முடைய குற்றம்

பேச்சை ஒரு ஒப்புதலோடு தொடங்க வேண்டியிருக்கிறது. நம்முடைய அங்கத்தவர் ஒருவர். கொழுந்து பறிக்கும் தோழி, இரண்டு பிள்ளைகளின் தாய். பேரையும் தோட்டத்தையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை. சாதாரண தரம் சித்தியடைந்து, உயர்தரம் படிக்கும்போது அப்பா படுக்கையில் விழுந்ததால் படிப்பை விட்டு மலைக்கு வந்தவர். பதினாறு வருடத்துக்குப் பிறகு முன்பள்ளி ஆசிரியைக்கான சான்றிதழ்ப் பாடநெறி ஒன்றுக்குப் பதிந்துகொண்டார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வகுப்பு.

காலையில் மலைக்குப் போய்ப் பத்துக் கிலோ பறித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு இறங்கி, உடுப்பு மாற்றி, பஸ் பிடித்து வகுப்புக்குப் போவார். சில சனிக்கிழமைகளில் அரைப்பேர் போட்டார்கள். சில சனிக்கிழமைகளில் அதுவும் இல்லை. பறித்த கொழுந்தைக் கிலோக் கணக்கில் கைக்காசாகப் போட்டுவிட்டார்கள். அந்த நாளுக்குப் பேர் இல்லை.

அவர் நம்முடைய காரியாலயத்துக்கு வந்தார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "அது உங்கட சொந்த விஷயம் தங்கச்சி, சங்கம் எப்படித் தலையிடுவது?" என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு பரீட்சை அறிவித்தல் தபாலில் வந்தது. லயத்துக்குத் தனி விலாசம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடிதம் தோட்டக் காரியாலயத்து மேசையில் ஒன்பது நாள் கிடந்தது. அவர் கைக்குக் கிடைத்தபோது பரீட்சை முடிந்து இரண்டு நாள். ஒரு வருடப் பணமும் உழைப்பும் போனது. அவர் அழவில்லை என்று சொன்னார். "மலையில கூடைய மாட்டிக்கிட்டு நின்டேன், அவ்வளவுதான்" என்றார்.

அந்தத் தோழியின் விடயத்தில் சங்கம் செய்தது பிழை. வேலை செய்கிறவர் படிப்பது அவருடைய சொந்த விஷயம் என்று நாம் சொன்னது பிழை. ஏன் பிழை என்பதையும், இனி என்ன செய்யலாம் என்பதையும் பேசத்தான் வந்திருக்கிறோம்.

இது ஏன் சங்கத்தின் வேலை?

இந்த நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பேரை நாடு நன்றியோடு சொல்கிறது, நாமும் சொல்வோம். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்தக் கூரைக்கு வெளியே நின்றன. ஒரே ஓர் ஆசிரியர், ஒரே ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அப்படி ஒரு காலம் இருந்தது. 1948இல் பிரஜாவுரிமையும் போனது. 1970களில்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. நம்முடைய பாட்டன், பாட்டி, அம்மா, அப்பா படிக்காமல் போனதற்குக் காரணம் அவர்களின் சோம்பல் அல்ல. அவர்களுக்குக் கதவே வைக்கப்படவில்லை.

இன்றைக்குக் கதவு இருக்கிறது. ஆனால் அது எந்த வயதில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, பத்தொன்பது இருபது வயதில் அரச பல்கலைக்கழகத்துக்குள் முழுநேர மாணவராகப் போகிறவருக்குக் கட்டணம் இல்லை. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து, வீட்டுக் கஷ்டத்தால் பதினாறு வயதில் வேலைக்கு வந்தவர், முப்பது வயதில் உழைத்துக்கொண்டே படிக்க வந்தால் அவர் கட்டணம் கட்ட வேண்டும். வகுப்புக்குப் போகும் நாளின் சம்பளத்தையும் இழக்க வேண்டும். வாய்ப்புக் குறைவாகக் கிடைத்தவர் இரண்டு தரம் செலுத்துகிறார். இதைச் சொந்த விஷயம் என்று சொல்ல முடியுமா?

வேலை செய்கிறவர் படிப்பது உலகத்தில் எப்போதும் தொழிலாளர் இயக்கத்தின் விஷயமாகவே இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1899இல் ஒக்ஸ்போர்ட் நகரத்தில் ரஸ்கின் கல்லூரி தொடங்கியது தொழிலாளர்களுக்காக. தொழிற்சங்கங்கள் பணம் கொடுத்துத் தங்கள் அங்கத்தவர்களை அங்கே அனுப்பின. 1969இல் அந்த நாட்டில் திறந்த பல்கலைக்கழகம் உருவானபோது அதற்காகப் போராடிய அமைச்சர் ஜெனி லீ ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். 1971இல் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். முன்பு என்ன சித்தியடைந்திருக்கிறாய் என்று வாசலில் நிறுத்திக் கேட்காத பல்கலைக்கழகம் அது.

நம்முடைய மலையகத்திலும் அப்படித்தான். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே அவர் பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரம் எழுதினார். மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டிப் பாடி, எழுத்துத் தெரியாதவர்களுக்கும் உரிமையைச் சொல்லிக்கொடுத்தார். தோட்டத்தைவிட்டு எளிதில் வெளியே போக முடியாத காலத்தில் நமக்குக் கிடைத்த முதல் பள்ளிக்கூடம் தொழிற்சங்கம்தான். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர்களின் வழியில் வந்த நாம், "படிப்பு உன் சொந்த விஷயம்" என்று சொல்லலாமா?

என்ன வழிகள் இருக்கின்றன?

இப்போது காரியத்துக்கு வருவோம். வேலை செய்துகொண்டே படிக்க என்ன வழி இருக்கிறது என்று நிறையப் பேருக்குத் தெரியாது. நான்கு படிகளாகச் சொல்கிறோம். உங்கள் தோட்டத்தில் கேட்கிறவருக்கு நீங்கள் இதைச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதல் படி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவது. சாதாரண தரமோ உயர்தரமோ பாடசாலையைவிட்டு விலகிய பிறகும் எழுதலாம். தனிப்பட்ட பரீட்சார்த்தி என்று பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பத்திரிகையில் வரும். "இந்த வயசிலயா?" என்று வெட்கப்படத் தேவையில்லை. மண்டபத்தில் உங்கள் சுட்டெண்ணைத்தான் பார்ப்பார்கள், தலைமயிரின் நரையை அல்ல.

இரண்டாவது படி, கையில் இருக்கும் தொழிலுக்குச் சான்றிதழ் எடுப்பது. நம் இளைஞர்கள் எத்தனையோ பேர் கொழும்பில் மேசன் வேலை, வயரிங் வேலை, சமையல் வேலை பார்த்துப் பழகிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். வேலை தெரியும், கடதாசி இல்லை. தேசிய தொழிற்தகைமை என்கிற என்.வி.கியூ. முறையில், ஏற்கெனவே பெற்ற அனுபவத்தைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. செய்து காட்ட வேண்டும். இந்தத் தகைமைக்கு ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். அதாவது கரண்டி பிடித்த மேசன் ஒருவர் ஏறத் தொடங்கினால், உச்சியில் பட்டம்வரை ஏணி போடப்பட்டிருக்கிறது.

மூன்றாவது படி, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். இது 1980இல் தொடங்கப்பட்ட அரச பல்கலைக்கழகம். தலைமையகம் நாவலையில். கண்டி, பதுளை, ஹட்டன் போன்ற இடங்களில் அதன் நிலையங்கள் இருக்கின்றன. வேலை செய்கிறவர்களை மனதில் வைத்தே உண்டாக்கப்பட்டது. பாடப் புத்தகத்தைக் கையில் தருவார்கள். நீங்கள் வீட்டில் படிக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களில் வகுப்பு இருக்கும். இடையிடையே ஒப்படை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்படையிலும் இடைப் பரீட்சையிலும் போதிய புள்ளி எடுத்தால்தான் இறுதிப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். உயர்தரத்தில் தேவையான சித்தி இல்லாதவர்களும் கீழ்மட்டப் பாடநெறிகளில் சேர்ந்து படிப்படியாக மேலே போகலாம். சமூக விஞ்ஞானம், கல்வி, முன்பள்ளி போன்ற துறைகளில் தமிழ்மொழி மூலம் படிக்கலாம். பொறியியல், விஞ்ஞானம் போன்றவை ஆங்கிலத்தில். சேரும்போதே எந்த மொழிமூலம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, வெளிவாரிப் பட்டம். உயர்தரம் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளி கிடைக்காதவர்கள் பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களில் வெளிவாரி மாணவராகப் பதியலாம். இதில் பெரும்பாலும் தானே படிக்க வேண்டும். வழிகாட்ட ஆள் இல்லாவிட்டால் இழுபடும். அதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

நேரக் கணக்கும் காசுக் கணக்கும்

"வேலை செய்துகொண்டே இலகுவாகப் படிக்கலாம்" என்று விளம்பரம் போடுகிறார்கள். நாங்கள் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டோம். இலகு இல்லை. கணக்கைப் பாருங்கள்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. வகுப்பு, வீட்டில் வாசிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சை எல்லாம் சேர்த்துத்தான் இந்த 50. முழு வருடப் படிப்புக்கு 30 கிரெடிட். அப்படியென்றால் 1,500 மணித்தியாலம். வாரத்துக்குக் கிட்டத்தட்ட 29. மலையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு, லயத்துக்கு வந்து தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பார்த்து, அதற்குமேல் வாரத்துக்கு 29 மணித்தியாலம் யாராலும் முடியாது. முடியும் என்று பதிந்தவர்கள்தான் நடுவில் விட்டுப் போகிறார்கள்.

அதனால் எங்கள் ஆலோசனை இது. பாதிச் சுமையை எடுங்கள். வருடத்துக்கு 15 கிரெடிட். 750 மணித்தியாலம். நாளுக்குச் சுமார் இரண்டு மணித்தியாலம். 30 கிரெடிட் சான்றிதழ் ஒன்றை இரண்டு வருடத்தில் முடிக்கலாம். 90 கிரெடிட் பட்டத்துக்கு ஆறு வருடம் ஆகும். ஆறு வருடமா என்று மலைக்காதீர்கள். படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்த ஆறு வருடம் போகத்தான் போகிறது.

இனி காசு. கட்டணம் ஒரு செலவு, அது வெளியே தெரியும். தெரியாத செலவு பேர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவையே கணக்குக்கு எடுப்போம். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை பேர் விழாவிட்டால் 2,700 ரூபா. வருடத்துக்கு 32,400. இத்தோடு அந்த நாட்களுக்கான ஈ.பி.எப்., ஈ.டி.எப். பங்கும் இல்லை. பஸ் கூலி, சாப்பாடு, டேட்டா கார்ட், பரீட்சைக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போனால் முதல் நாளே தங்கும் செலவு. பல்கலைக்கழகம் கேட்கும் கட்டணத்தைத் தவணையாகக் கட்டி விடலாம். பேர் விழாத சனிக்கிழமையை யாரும் தவணையில் திருப்பித் தர மாட்டார்கள்.

எங்கள் தோழி முதலில் விழுந்தது படிப்பில் அல்ல, இந்தக் கணக்கில். அவருடைய ஒப்படைகளைப் பிறகு நாங்கள் வாசித்துப் பார்த்தோம். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் எப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் பேசப் பழகுகிறார்கள் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். அந்த நான்கு பக்கத்தை எழுதக்கூடியவர் நம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார் என்பது நமக்கு அதுவரை தெரியாது.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று. பட்டம் தருகிறோம், டிப்ளோமா தருகிறோம் என்று நகரத்தில் போர்டு போட்ட எல்லா இடமும் ஒன்றல்ல. காசு கட்டும் முன்னர், பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டதா, தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்று பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். கடதாசியைக் கொண்டுவாருங்கள், காசைக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டு. படிப்புக்காக நுண்கடன் எடுக்காதீர்கள். வாரா வாரம் வாசலுக்கு வரும் கடன்காரன் ஒப்படை முடியும்வரை பொறுக்க மாட்டான். நம் பெண்கள் அந்தக் கடனில் பட்ட பாடு போதும். வருமானம் குறைந்தவர்களுக்கு உதவித்தொகை, தவணை வசதி இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

மூன்று. பட்டம் எடுத்தால் அடுத்த நாளே வேலை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். வேலையற்ற பட்டதாரிகள் கொழும்பு வீதியில் நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். எதற்காகப் படிக்கிறோம் என்று முதலில் முடிவெடுங்கள். முன்பள்ளி ஆசிரியை, சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், மின் இணைப்பாளர், கணக்கு வேலை என்று கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றைக் குறிவைத்து, அதற்கான சான்றிதழில் தொடங்குங்கள். அறிவுக்காகவே படிக்கிறேன் என்றால் அதுவும் மிக நல்லது. ஆனால் அதையும் தெரிந்தே செய்யுங்கள்.

ஒரு பயத்தைப் பற்றியும் பேசுவோம்

நம் தலைவர்மார் சிலர் மனதில் ஒரு பயம் இருக்கிறது. வெளியே சொல்வதில்லை. "படிச்சவங்க தோட்டத்த விட்டுப் போயிருவாங்க. அங்கத்தவர் குறையும், சந்தா குறையும்." நேராகவே பதில் சொல்வோம். சிலர் போவார்கள். போகட்டும். தொழிலாளியைத் தோட்டத்துக்குள்ளே கட்டி வைத்திருப்பது துரைமார் செய்த வேலை. அதைச் சங்கம் செய்யக்கூடாது.

ஆனால் எல்லோரும் போவதில்லை. 2021இல் கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டு, சம்பளம் சம்பள நிர்ணய சபையின் வழியாக வர்த்தமானியில் வரும் காலத்துக்கு வந்துவிட்டோம். வர்த்தமானியை வாசித்து விளங்கப்படுத்த ஆள் வேண்டும். ஈ.பி.எப். கணக்கில் மாதம் குறைந்தால் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். தோட்டத்தைக் காணித்துண்டுகளாகப் பிரித்துத் தருகிறோம், ஒப்பந்தத்தில் கையெழுத்து வை என்று நீட்டும்போது, அடியில் இருக்கும் சின்ன எழுத்தை வாசிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நகரத்திலிருந்து வர வேண்டும் என்று இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது? நம் மலையில் பறிக்கிறவர், நம் ஸ்டோரில் அரைக்கிறவர், அவரே வாசிக்கட்டும்.

சங்கம் என்ன செய்யப் போகிறது?

1974இல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 140ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. சம்பளத்துடன் கூடிய கல்வி விடுமுறை என்பதே அதன் பொருள். தொழிற்பயிற்சிக்கு மட்டுமல்ல, பொதுக் கல்விக்கும் தொழிற்சங்கக் கல்விக்கும் அந்த விடுமுறை உண்டு என்று அது சொல்கிறது. அந்த உரிமை இந்த நாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கு வர வேண்டும். அந்தக் கோரிக்கையை மேலே எடுத்துச் செல்லும்படி நிர்வாக சபையைக் கேட்டிருக்கிறோம். அது நீண்ட போராட்டம். அதுவரை தோட்ட மட்டத்தில் நாளைக்கே தொடங்கக்கூடிய ஐந்து காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. உங்கள் தோட்டத்தில் இப்போது படிக்கிறவர் யார், படித்து விட்டவர் யார், படிக்க விரும்புகிறவர் யார் என்று எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் எழுத்து மாறியதால் விண்ணப்பம் திரும்பி வந்த கதை நம்மிடம் நிறைய இருக்கிறது.

இரண்டாவது, கடிதம். படிக்கிறவர்கள் விரும்பினால் சங்கக் காரியாலயத்தின் விலாசத்தைக் கொடுக்கலாம். வருகிற கடிதத்தைப் புத்தகத்தில் பதிந்து, அன்றைக்கே தோட்டத் தலைவருக்குத் தொலைபேசியில் சொல்வது எங்கள் பொறுப்பு. ஒன்பது நாள் மேசையில் கிடந்த கடிதம் இனி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

மூன்றாவது, சனிக்கிழமை. படிக்கிறவர்களின் பேரையும் வகுப்பு நாட்களையும் மாதத் தொடக்கத்திலேயே எழுத்தில் துரையிடம் கொடுங்கள். மூன்றைக் கேளுங்கள். பாதி நாள் வேலை செய்தால் அரைப்பேராவது கட்டாயம் விழ வேண்டும், கைக்காசாக மாற்றக்கூடாது. முடிந்த இடத்தில் இன்னொரு நாள் வேலை செய்து அந்தப் பேரை ஈடுசெய்ய விட வேண்டும். பரீட்சை நாளில் வராததற்காக எந்தத் தண்டனையும் கூடாது. இரண்டு தோட்டங்களில் பேசிப் பார்த்தோம். ஒன்றில் உடனே சம்மதித்தார்கள். மற்றதில் இன்னும் இழுபறி. கேட்காமலே இருந்த காலத்தைவிட இது பரவாயில்லை.

நான்காவது, இடம். லயத்து அறையில் டீ.வி.யும் பிள்ளைகளும் அடுப்பும் ஒன்றாக இருக்கும். கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மேட்டிலும் மரத்தடியிலும் பிள்ளைகள் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். சங்கக் காரியாலயத்திலோ வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ, வாரத்தில் இரண்டு மாலை ஒரு மேசை, ஒரு வெளிச்சம், ஒரு இணைய இணைப்பு. பெரிய செலவில்லை.

ஐந்தாவது, சுழற்சி நிதி. சந்தாவிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, முதல் தவணைக் கட்டணத்துக்கு வட்டியில்லாமல் கொடுப்பது, படித்தவர் சிறுகச் சிறுகத் திருப்பித் தருவது, அந்தப் பணம் அடுத்தவருக்குப் போவது. இது உங்கள் பணம். அதனால் பொதுக்கூட்டத்தில் நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். கணக்கை இந்தச் செய்தியிதழில் வருடா வருடம் போடுவோம்.

ஆறாவது ஒன்றும் இருக்கிறது. அது துரையிடம் கேட்கும் விஷயமல்ல. ஆண் தோழர்களிடம் கேட்கிறோம். உங்கள் வீட்டில் ஒருவர் படித்தால், அந்த இரண்டு மணித்தியாலத்துக்குத் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். ரொட்டியை நீங்கள் சுடுங்கள். மனைவி புத்தகத்தை விரித்து உட்காரும்போது "பெரிய படிப்பு" என்று கேலி செய்யாதீர்கள். எட்டு மணித்தியாலம் மலையில் நின்றவர் அதற்குமேல் படிக்க உட்காருகிறார் என்றால், அவரைக் கேலி செய்யும் தகுதி நமக்கில்லை.

முடிவாக

அந்தத் தோழியிடம் கல்விக் குழு போனது. லயத்து வாசலில் நின்று, "அன்றைக்கு நாங்கள் சொன்னது பிழை" என்று சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அந்தத் தேத்தண்ணி எங்களுக்குச் சுலபமாக இறங்கவில்லை.

அவர் மறுபடியும் பதிந்திருக்கிறார். இந்தத் தரம் கடிதம் சங்கத்துக்கு வரும். சனிக்கிழமைக்கான எழுத்து துரையிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. பரீட்சை இன்னும் வரவில்லை. அவர் சித்தியடைவாரா என்று எங்களுக்குத் தெரியாது. அது அவர் கையில். ஆனால் பரீட்சை மண்டபத்து வாசல்வரை அவர் போய்ச் சேர்வது நம் கையில் இருக்கிறது. போன தரம் நாம் அதைச் செய்யவில்லை.

வாசலில் மேசை மேல் ஒரு தாள் வைத்திருக்கிறோம். தோட்டம், டிவிசன், பேர், படித்த வகுப்பு, படிக்க விரும்புவது என்று ஐந்து கட்டம். போகும்போது உங்கள் தோட்டத்துக்கு ஒரு கட்டு எடுத்துப் போங்கள். பெரட்டுக்களத்தில் கொடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நிரப்பிக் கொண்டுவாருங்கள். தலைவர்மார், தலைவிமாரில் யாராவது தாங்களே படிக்க விரும்பினால், முதல் தாளில் தங்கள் பேரையே எழுதலாம். கல்விக் குழுவில் இரண்டு பேர் ஏற்கெனவே எழுதிவிட்டோம்.